நான் போடும் மெட்டெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது

புளியரை மழை:

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதை. சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்: உங்கள் மேல் படிந்த மற்றவர்களின் சாயலை என்ன செய்கிறீர்கள்? அதை உதற வழி இருக்கிறதா, உதறத்தான் வேண்டுமா?

எனக்கு 26 வயது. ஊர் புளியரை. செங்கோட்டை தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால் செக்போஸ்ட் இருக்கும் ஊர். அப்பா இந்தப் பக்கம், அம்மா மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஆரியங்காவு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவர். பகலில் பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரி பாட்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் புனலூரில் பழைய கிட்டார் ஒன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். அங்கே சர்ச் கொயரில் வாசிக்கும் ஒரு சேட்டன் ஜி, சி, டி, இ மைனர் என்று நாலு கார்டு (சில சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) சொல்லிக் கொடுத்தார். அந்த நாலில்தான் இன்று வரை வண்டி ஓடுகிறது.

காதில் விழுந்து வளர்ந்தவை என்றால் நிறைய. அம்மன் கொடைக்கு விடிய விடிய வில்லுப்பாட்டு. கார்த்திகை, மார்கழியில் எங்கள் ரோட்டு வழியே போகும் ஐயப்ப சாமிகளின் சரணம், ஒருவர் முன்னால் சொல்ல நாற்பது பேர் பின்னால் வாங்குவது. அம்மா வீட்டுக்குப் போனால் மலையாள ரேடியோ. பஸ்ஸில் ஏறினால் இளையராஜா. போன் வந்த பிறகு பாப் டிலன், ஜோனி மிட்செல் என்று, தாங்களே எழுதிப் பாடுகிற வெளிநாட்டுக்காரர்களைக் கேட்டு, வார்த்தை பாதி புரியாமலே மனப்பாடம் செய்தேன்.

இதுவரை 11 பாட்டு எழுதியிருக்கிறேன். சில மாதங்களுக்கு முன்னால் புனலூர் பக்கம் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் நாலு பாட்டுப் பாடினேன். கேட்டவர்கள் கைதட்டினார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் இறங்கி வந்ததும் ஒருவர் "முதல் பாட்டு இளையராஜா, மூணாவது பாட்டு ஏதோ இங்கிலீஷ் பாட்டு, இல்லையா?" என்று கேட்டார். அவர் குறை சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு முன்னால் சுயாதீனப் பாடல்களை வெளியிடும் ஓர் இடத்துக்கு இரண்டு பாட்டு அனுப்பியிருந்தேன். "குரல் இருக்கிறது, சொந்த அடையாளம் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அதனால் மூன்று மாதம் எந்தப் பாட்டும் கேட்காமல் இருந்து பார்த்தேன். பஸ்ஸில் காதில் பஞ்சு. வீட்டில் டிவி போட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்த மூன்று மாதத்தில் வந்தது ஒரே ஒரு மெட்டு, அதுவும் செத்த மெட்டு.

அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு பாதியில் நிற்கிறது. அம்மா கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பதினைந்து வருஷம் ரப்பர் வெட்டியவர். பாட்டு இப்படித் தொடங்குகிறது:

நாலு மணிக்கு மரம் முழிச்சா
நம்ம அம்மா முன்னே முழிப்பா
மரத்தின் கண்ணீர் வழிந்தோடும்
மனசின் காயம் ஆறாது

இதைத்தான் "இளையராஜா" என்றார் அந்த விழாவில் கேட்டவர். நான் எந்தப் பாட்டையும் நினைத்துப் போடவில்லை, சத்தியமாக. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. குரல்பதிவைக் கீழே இணைத்திருக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.


தென்காசித் தந்தி:

தம்பி, பதிவை மூன்று தடவை கேட்டேன். நான் வயலின் வாசிக்கிறவன், வயது அறுபதை நெருங்குகிறது. நாடகம், கோயில் கச்சேரி, கொஞ்ச காலம் வில்லுப்பாட்டுக் குழு என்று எல்லாவற்றுக்கும் வாசித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

"மாதிரி இருக்கிறது" என்று யாராவது சொன்னால் முதலில் எது மாதிரி இருக்கிறது என்று பிரித்துக் கேளுங்கள். சுரம் ஒன்றா, தாளநடை ஒன்றா, எடுப்பு, அதாவது தொடங்குகிற இடம், மட்டும் ஒன்றா, இல்லை முடிக்கிற இடம் ஒன்றா? பொதுவாக ஜனங்கள் எடுப்பைக் கேட்டுத்தான் சொல்வார்கள். உங்கள் பாட்டில் எடுப்பில் செஞ்சுருட்டி ராகத்தின் சாயல் இருக்கிறது. அதைக் கேட்டவுடன் நம் ஆட்களுக்குத் தெரிந்த பத்து சினிமாப் பாட்டு நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பத்துப் பாட்டும் எங்கிருந்து வந்தது?

நம் பக்கத்துக் கதையே சொல்கிறேன். சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போகும்போது வழிநெடுகப் பாடுவதற்காகக் காவடிச்சிந்து பாடினார். முப்பது வயதுகூட நிறையாமல் போய்விட்ட மனிதர். தோளில் காவடி, காலில் நடை, அந்த நடைதான் தாளம். உட்கார்ந்து கொண்டு பாடினால் அந்தச் சிந்து பாதி செத்துப் போகும், நான் வாசித்துப் பார்த்தே சொல்கிறேன். அதற்குப் பிறகு எட்டயபுரத்து பாரதி சிந்தைக் கையில் எடுத்தார். நாடகக்காரர்கள் எடுத்தார்கள். அவர்களிடமிருந்து சினிமா எடுத்தது. ரெட்டியாரும் வெறும் காற்றிலிருந்து மெட்டைப் பிடித்திருக்க மாட்டார், காவடி எடுக்கிற ஜனங்கள் அவருக்கு முன்னாலேயே பாடிக்கொண்டுதான் நடந்திருப்பார்கள்.

இன்னொன்று. பாபநாசம் சிவன் 1890இல் தஞ்சாவூர்ப் பக்கம் போலகத்தில் பிறந்தவர், ஆனால் சின்ன வயதில் வளர்ந்தது திருவனந்தபுரத்தில். அங்கே பஜனைகளில் நீலகண்ட சிவன் பாட்டுகளைக் கேட்டுத்தான் அவருக்குள் பாட்டு ஊறியது. நீலகண்ட சிவனோ நம்ம நாகர்கோவில் வடிவீசுவரத்துக்காரர், அது அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். நாம் இன்று எல்லை எல்லை என்று சொல்கிற கோடு 1956இல் போட்டது, செங்கோட்டையே அதுவரை திருவிதாங்கூரில்தான் இருந்தது. பாட்டுக்கு அந்தச் செக்போஸ்ட் கிடையாது. சிவன் தன் கீர்த்தனைகளில் அந்தப் பெரியவரின் சாயலை மறைக்கவும் இல்லை, அதோடு நின்றுவிடவும் இல்லை.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். புன்னாகவராளி, செஞ்சுருட்டி மாதிரி ராகங்கள் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ச'வை, தொடாது. மேலே அதற்கு முந்தின நிஷாதத்தோடு ('நி') திரும்பிவிடும், கீழே ஷட்ஜத்துக்கும் கீழே இறங்கும். பெரிய குரல் இல்லாதவரும், வேலை செய்துகொண்டே பாடுகிறவரும் மூச்சு முட்டாமல் பாடக்கூடிய அளவு அது. உங்கள் பதிவில் மூன்றாவது வரியில் திடீரென்று மேல் ஷட்ஜத்துக்கு ஏறுகிறீர்கள். அந்த இடம்தான் எனக்குச் சினிமாவாகக் கேட்டது. முதல் இரண்டு வரி அப்படி இல்லை, அது வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. வார்த்தை இல்லாமல் வெறும் மெட்டை உங்கள் அம்மா முன்னால் முனகிப் பாருங்கள். என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுங்கள்.


மூணாறு பனி:

இளையராஜா மாதிரி இருக்கிறது என்பதற்கு ஒரு வார்த்தை. நான் தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் தமிழன், மூன்றாவது தலைமுறை. 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் மந்திரிசபை வந்து, அடுத்த வருஷம் இங்கே தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்தது, அதே கட்சியின் ரோசம்மா புன்னூஸ் நின்று ஜெயித்தார். அந்தப் பிரசாரத்துக்குப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்து தோட்டம் தோட்டமாகப் பாடினார். கூட வந்த தம்பிதான் பின்னால் இளையராஜா ஆனவர். 1943இல் பிறந்தவர் என்றால் அப்போது பதினைந்து வயதுப் பையன். மலையாள நாட்டுத் தேர்தலுக்குத் தமிழ்ப் பாட்டு, கேட்டது கொழுந்து பறிக்கிற ஜனம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் காதும் நம் லயங்களில் சுற்றிய காதுதான். அண்ணன் பின்னால் ஊர் ஊராக அலைந்து, வயக்காட்டில் கேட்டதை எல்லாம் உள்ளே வாங்கி, அப்புறம் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, இரண்டையும் சேர்த்துப் பிசைந்தவர். உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரு மெட்டு அவர் பாட்டு மாதிரி இருந்தால் அதில் ஆச்சரியம் என்ன? நீங்கள் திருடினீர்கள் என்று ஆகாது. இரண்டு பேரும் ஒரே ஓடையில் தண்ணீர் மொண்டிருக்கிறீர்கள்.


எட்டுக்கட்டை:

நான் திருவனந்தபுரத்தில் இருக்கிறேன், சொந்த ஊர் மார்த்தாண்டம். இருபது வருஷமாகக் கிட்டார். வெளிநாட்டு ஆட்களைக் கேட்டு மனப்பாடம் செய்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஆட்களுக்கே இந்தக் கதைதான் என்று சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாப் டிலனின் புகழ்பெற்ற 'ப்ளோயிங் இன் த விண்ட்' 1962இல் எழுதியது. அதன் மெட்டு, அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் பாடிய ஒரு பழைய பாட்டிலிருந்து வந்தது, அதை டிலனே சொல்லியிருக்கிறார். டிலன் யாரைப் பார்த்துக் கிட்டாரும் தொப்பியுமாகக் கிளம்பினார்? அவருக்கு முந்திய அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரியை. உட்டி கத்ரி 1940இல் எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' மெட்டு யாருடையது? கார்ட்டர் குடும்பம் என்று ஒரு குழுவின் பாட்டிலிருந்து எடுத்தது. கார்ட்டர் குடும்பத்துக்கு அது எங்கிருந்து? ஒரு பழைய சர்ச் பாட்டிலிருந்து. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கார்ட்டர் குடும்பம் முதன்முதலில் ரெக்கார்டு செய்தது 1927இல், பிரிஸ்டல் என்ற ஊரில். அந்த ஊர் எப்படித் தெரியுமா? நடு வீதியில் மாநில எல்லை ஓடுகிறது, ஒரு பக்கக் கடை டென்னசி, எதிர்ப்பக்கக் கடை வர்ஜீனியா. தமிழ்நாடு, கேரள எல்லையான களியக்காவிளையில் நின்று டீ குடிக்கிற எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆனால் இந்தக் கதையில் மனதுக்குக் கஷ்டமான ஒரு பகுதி இருக்கிறது, அதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். ஏ. பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாட்டுச் சேகரிக்கப் போனபோது கூட ஒருவரை அழைத்துப் போனார். பெயர் லெஸ்லி ரிடில், கறுப்பினத்தவர், சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர், அபாரமான கிட்டார்க்காரர். கார்ட்டர் வார்த்தைகளைத் தாளில் எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் ஏற்றிக்கொண்டு வருவார். டேப் ரெக்கார்டர் இல்லாத காலம், அவர் தலைதான் ரெக்கார்டர். அந்தக் குடும்பத்து மேபெல் கார்ட்டர் அவர் வாசிப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ரெக்கார்டில் பெயர் வந்தது கார்ட்டருக்கு. ரிடிலை உலகம் தேடிப் போனது 1960களில், அதற்குள் அவர் கிட்டாரைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார்.

அதனால் என் கருத்து இது: யாரிடமிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும்தான் தப்பு. வாங்கியது தப்பே இல்லை. மேடையில் ஒரு நிமிஷம் எடுத்து "இந்த மெட்டு இன்னாரிடமிருந்து வந்தது" என்று சொன்னால் உங்கள் பாட்டு குறைந்துபோகாது.

கிட்டார் விஷயமாக ஒன்று. நாலு கார்டில் வண்டி ஓடுகிறது என்றீர்கள். அந்த நாலு கார்டுதான் உங்கள் மெட்டை இழுத்துக்கொண்டு போய்ச் சினிமா வாசலில் விடுகிறது என்று எனக்குச் சந்தேகம். ஜி கார்டு பிடித்தால் குரல் தானாகவே அது காட்டும் படிகளில்தான் ஏறும். ஜோனி மிட்செலுக்கு ஒன்பது வயதில் போலியோ வந்து இடது கை பலம் குறைந்தது. வழக்கமான கார்டுகள் கஷ்டமாக இருந்ததால் தந்திகளையே வேறு வேறு மாதிரி சுருதி கூட்டி வாசித்தார், அவர் பாட்டுக்கு வேறு யாரிடமும் இல்லாத அந்த நிறம் அதனால் வந்தது.

நீங்களும் செய்து பாருங்கள்: ஆறாவது தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள், இரண்டாவதை பி-யிலிருந்து ஏ-க்கு, முதலாவதை ஈ-யிலிருந்து டி-க்கு. மற்ற மூன்றும் அப்படியே இருக்கட்டும். இப்போது ஒன்றையும் அழுத்தாமல் மேலிருந்து கீழே ஒரு தடவை மீட்டினால் வருவது ச, ப, ச, ம, ப, ச. காந்தாரமே ('க') கிடையாது, அதனால் மேஜரும் இல்லை மைனரும் இல்லை. தம்புரா போட்ட மாதிரி நிற்கும், அதன் மேல் உங்கள் குரல் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இதைப் பரப்பியவர் டேவி கிரஹாம் என்ற பிரிட்டிஷ்காரர், மொராக்கோ போனபோது அங்கே ஊத் என்ற வாத்தியத்தோடு சேர்ந்து வாசிக்க இப்படி மாற்றினார் என்பார்கள். பாருங்கள், அவருக்கும் ஓர் எல்லை தாண்ட வேண்டியிருந்தது.


கழுதுருட்டிக்காரி:

மெட்டைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் வார்த்தையைப் பற்றிச் சொல்கிறேன் தம்பி. நானும் ரப்பர் வெட்டுகிறவள் மகள்.

முதல் இரண்டு வரி கேட்டதும் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. அடுத்த இரண்டு வரியில் அம்மா காணாமல் போய்விட்டார். "மரத்தின் கண்ணீர்", "மனசின் காயம்" எல்லாம் ரப்பர் மரத்தைக் காரில் போகும்போது பார்த்தவர்கள் எழுதுவது. உங்கள் அம்மா அதைக் கண்ணீர் என்றா சொல்வார்? பால் என்றுதானே சொல்வார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும், அதனால்தான் இருட்டோடு போவது. நெற்றியில் லைட், கையில் கத்தி, இடுப்பில் ஒட்டுபால் (பட்டையில் உறைந்த பால்) போடக் கூடை. பட்டையைச் சரிவாக ஒரு கீற்று சீவுவார்கள், ஆழம் போனால் மரம் கெட்டுவிடும் என்று மேஸ்திரி திட்டுவார், மேலாகப் போனால் பால் வராது. என் அம்மா முந்நூறு மரம் முடித்துவிட்டுத்தான் கட்டன் சாயா குடிப்பார். சிரட்டையில் (தேங்காய் ஓட்டில்) பால் நிறைகிற சத்தம் கேட்காது, ஆனால் நிறைந்ததும் வாசம் மாறும் என்பார்.

இதில் எந்த வார்த்தை உங்கள் பாட்டில் இருக்கிறது? ஒன்றும் இல்லை. நாலு மணி மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் அடையாளம் இருக்கிறது, மற்ற இடத்தில் இல்லை. அந்தப் பதில் எழுதியவர் மோசமாக எழுதியிருந்தாலும் எதையோ சரியாகக் கேட்டிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சிரட்டை, ஒட்டுபால், சாயா எல்லாம் மலையாளம் கலந்தது, தமிழ்ப் பாட்டில் வரலாமா என்று யோசிப்பீர்கள். வீட்டில் பேசுகிறீர்கள் இல்லையா, அப்புறம் என்ன.


புளியரை மழை:

எல்லாருக்கும் நன்றி. கழுதுருட்டி அக்கா, கோபமே இல்லை, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "முந்நூறு மரமா, நான் நானூறு வெட்டுவேன்" என்றார் முதலில்.

தென்காசி அண்ணாச்சி சொன்ன மாதிரி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் முதல் இரண்டு வரி மெட்டை முனகினேன். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை நான் நிறுத்திய இடத்திலிருந்து அம்மா எடுத்தார். கை கீரையில்தான் இருக்கிறது, நிமிரக்கூட இல்லை. நான் மேலே ஏறுகிற இடத்தில் அம்மா ஏறவில்லை. கீழே இறங்கி, எனக்குத் தெரிந்த ஷட்ஜத்துக்கும் கீழே போய், அங்கேயே ஓர் ஆட்டு ஆட்டி நிறுத்தினார். வார்த்தை "ஆராரோ" தவிர ஒன்றும் இல்லை.

இது என்னம்மா என்று கேட்டேன். "உன் தங்கச்சிக்குப் பாடினது. உனக்கும்தான். எங்க அம்மா எனக்கு." அப்புறம் சொன்னார்: ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து, குழந்தைக்குப் பால் கொடுத்து, தொட்டிலில் போட்டு, அது அசந்து தூங்குகிற வரைக்கும் இதைப் பாடிவிட்டுத்தான் கத்தியை எடுத்துக்கொண்டு வெட்டுக்குப் போவாராம். சில நாள் தூங்காது. பக்கத்து லயத்து அக்காவிடம் ஆட்டச் சொல்லிவிட்டு அழுகைச் சத்தத்தோடேயே நடப்பாராம். தோட்டத்தில் முதல் பத்து மரம் வரைக்கும் அந்த அழுகை கேட்டுக்கொண்டே இருக்குமாம்.

எனக்கு இது எதுவும் தெரியாது. அம்மா தோட்ட வேலை செய்தார் என்று தெரியும், அவ்வளவுதான். நான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்குள்ளிருந்து அவர் தாலாட்டு வந்திருக்கிறது, அதைக் கேட்டு ஒருவர் இளையராஜா என்று சொல்ல, நான் அதைத் தூக்கி எறியப் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

ராத்திரி போனில் பதிவு செய்தேன், பின்னால் ஃபேன் சத்தமும் நாய் குரைப்பதும் இருக்கும், மன்னிக்கவும். எட்டுக்கட்டை அண்ணன் சொன்னபடி தந்திகளை மாற்றிக்கொண்டு அம்மாவோடு வாசித்துப் பார்த்தேன். பழைய ஜி கார்டில் அம்மா நிறுத்துகிற அந்தக் கீழ் சுரம் இடறும், அதற்காகவே நான் இத்தனை நாள் என்னை அறியாமல் மேலே ஏறியிருக்கிறேன் போல. புது சுருதியில் இடறவில்லை, ஒட்டிக்கொண்டது. ஆறாவது தந்தி மட்டும் தொளதொள என்று தகரச் சத்தம் போடுகிறது, பழைய தந்தி, துருவும் பிடித்திருக்கிறது.

மூன்றாவது, நாலாவது வரியை மாற்றிவிட்டேன்.

நாலு மணிக்கு மரம் முழிச்சா
நம்ம அம்மா முன்னே முழிப்பா
சிரட்டை எல்லாம் பால் குடிக்க
தொட்டில் மட்டும் அழுதிருக்கும்

இதை அம்மாவிடம் பாடிக் காட்டவில்லை இன்னும். தைரியம் வரவில்லை.


எல்லை வண்டி:

நடுவில் ஒரு நடைமுறை விஷயம், யாரும் சொல்லவில்லை. பாட்டு வெளியிடப் போகிறீர்கள் என்றால் காப்புரிமை தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி இசையமைத்தவர் உயிரோடு இருக்கும் காலமும், அவர் மறைந்த பிறகு 60 வருஷமும் மெட்டுக்கு உரிமை உண்டு. அதனால் சினிமா மெட்டை அப்படியே எடுக்க முடியாது, சாயல் வேறு, நகல் வேறு. தலைமுறை தலைமுறையாக வந்த தாலாட்டு யார் ஒருவருக்கும் சொந்தம் இல்லை, நீங்கள் தாராளமாகப் பாடலாம். ஆனால் வேறு யாராவது ஒரு நாட்டுப்புறப் பாட்டைப் பதிவு செய்து வெளியிட்டிருந்தால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு, அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டிவிடாதீர்கள். விவரம் எழுதும் இடத்தில் உங்கள் பெயரோடு "மெட்டு: மரபுத் தாலாட்டு" என்று போட்டு, பாடிக் காட்டியவர் என்று அம்மா பெயரையும் சேர்த்துவிடுங்கள். பின்னால் யாராவது வந்து கேட்டாலும் பதில் இருக்கும்.

நான் லோடு வண்டி ஓட்டுகிறவன், வாரம் மூன்று தடவை புளியரை வழியாகக் கொல்லம் போகிறேன். கிட்டார்த் தந்தி வேண்டுமென்றால் சொல்லுங்கள், அங்கிருந்து வாங்கி வந்து தருகிறேன்.


தென்காசித் தந்தி:

தம்பி, அம்மாவின் பதிவைக் கேட்டேன். நாய் குரைப்பது நன்றாகவே இருக்கிறது, எடுக்க வேண்டாம்.

அந்தக் கீழே இறங்குகிற இடம் தைவதம் ('த'). செஞ்சுருட்டி என்று முதலில் சொன்னேன், முழுக்க அது இல்லை. காந்தாரத்தை உங்கள் அம்மா நாங்கள் பிடிக்கிற இடத்தில் பிடிக்கவில்லை, ஒரு மயிரிழை கீழே பிடிக்கிறார், ஒவ்வொரு தடவையும் அதே இடம். தற்செயலாக வந்தது என்றால் நாலு தடவையும் ஒரே இடத்தில் விழாது. நான் வயலினில் பிடித்துப் பார்த்தேன், ஒரு மணி நேரம் ஆனது. ராகப் பெயர் ஒட்டி அதை நேராக்கிவிடாதீர்கள். உங்கள் புது சுருதியில் காந்தாரத் தந்தி இல்லை என்பது நல்லதாகப் போயிற்று, இருந்திருந்தால் அம்மாவோடு சண்டை போடும்.

அந்தக் காலத்து நாடகப் பாடகர் கிட்டப்பா பிறந்த செங்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இன்னொன்றும் நினைவில் வையுங்கள். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் எட்டிய குரல் அது. எட்டு ஊர் கேட்கப் பாடினவருக்கும் தொட்டில் பக்கத்தில் பாடினவருக்கும் சுருதி ஒன்றுதான், அளவுதான் வேறு. நீங்கள் இந்தப் பாட்டைக் கத்திப் பாட வேண்டாம். மெதுவாக, ஒருத்தரைத் தூங்க வைக்கிற அளவுக்குப் பாடினால் போதும், கூட்டம் தானாக அமைதியாகும்.

அம்மாவிடம் பாடிக் காட்டுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.


புளியரை மழை:

பாடிக் காட்டிவிட்டேன். நாலாவது வரி வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான் பயந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்: "அழுதிருக்கும்னு முடிக்காத, அழுதுகிட்டே இருக்கும்னு பாடு. நின்னதில்லை அது."

பாடிப் பார்த்தேன், தாளத்துக்குச் சில எழுத்து அதிகம். ஆனால் அந்தச் சில எழுத்துக்காகக் கீழ்த் தைவதத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கிறது, அம்மா ஆட்டி நிறுத்தினாரே, அதே இடம். அப்படியே வைத்துக்கொண்டேன்.

எல்லை வண்டி அண்ணே, ஆறாவது தந்தி மட்டும் கொஞ்சம் கனமானதாக வேண்டும், டி-க்கு இறக்கினாலும் தொய்யாதது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு மேல் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் இருப்பேன், முடிந்தால் அந்த நேரத்துக்கு வாருங்கள், இல்லையென்றால் கடையில் கொடுத்துவிடுங்கள், பணத்தை அங்கேயே வைத்துவிடுகிறேன். தென்காசி அண்ணாச்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரலாமா? அந்த மயிரிழைக் காந்தாரத்தை வயலினில் கேட்க வேண்டும் என்கிறார்.